மாடு பிழைத்துக்கொண்டது





திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பிரம்மதேசம். எங்கள் மாவட்டத்துக்காரர்களிடம் வெறுமனே ‘பிரம்மதேசம்’ என்றால், “எந்தப் பிரம்மதேசம்?” என்று திருப்பிக் கேட்பார்கள். எண்ணாயிரம் பக்கம் இன்னொன்று இருக்கிறது, சோழர் காலத்துக் கோயில்களோடு. நான் சொல்வது மரக்காணம் ரோட்டில் இருப்பது.

2025 கோடையில் ஒரு வளைகாப்புக்காக அங்கே போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழட்டும் என்று தெருவில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டில் பால் கறக்கும் நேரம். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி மடியைக் கழுவித் துடைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தார். சொம்பில் பால் பீய்ச்சும் சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அன்றைக்கு அந்தச் சத்தத்தில் ஏதோ குறைந்தது. எட்டிப் பார்த்தேன். வலப்பக்கத்து இரண்டு காம்புகளை மட்டுமே கறந்துகொண்டிருந்தார்.

“அந்தப் பக்கம் கன்னுக்கா?” என்று கேட்டேன்.

“கன்னுக்கும் இல்ல, நமக்கும் இல்லண்ணா. அந்தப் பக்கம் செத்துப்போச்சு. புயல்ல போனது.”

புயல் என்றால் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல். மறுநாள் காலைக்குள் பக்கத்திலிருக்கும் மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டரையொட்டி மழை. ஒரு வருஷத்து மழையில் பாதி ஒரே ராத்திரியில் கொட்டினால் மாட்டுக் கொட்டகை என்ன ஆகும்? அவர் வீட்டுக் கொட்டகையில் முட்டிக்கு மேல் தண்ணீர். மாடு இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரிலேயே நின்றது. கன்று போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மடி நிறையப் பால். வீடே மிதக்கும்போது கறப்பது எப்படி? இரண்டு நாள் கறக்கவில்லை.

மூன்றாம் நாள் மடியைத் தொட்டால் கொதித்ததாம். கல்லு மாதிரி இறுக்கம். மாடு காலை உதறித் தொடவே விடவில்லை. கறந்த பால் திரிந்த பால் போலத் திரிதிரியாக வந்தது. அடுத்த நாள் ரத்தம் கலந்து வந்தது. டாக்டர் வந்தார், ஐந்து நாள் ஊசி. மாடு பிழைத்துக்கொண்டது. இடப்பக்கத்து இரண்டு காம்பும் பிழைக்கவில்லை.

அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு மாடு கட்டின இடத்திலேயே தண்ணீரில் செத்துப்போயிருக்கிறது. புயல் நிவாரணமாக அரசு அறிவித்த தொகை உங்களுக்கு நினைவிருக்கலாம். பசுவோ எருமையோ இறந்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. அந்த வீட்டுக்குப் பணம் வந்தது. மேலே கொஞ்சம் போட்டு வேறு மாடு வாங்கிக் கட்டிவிட்டார்கள்.

“எம்மாடு செத்துருந்தா எனக்கும்…” என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மாட்டின் முதுகைத் தடவிக் கொடுத்தார். தப்பாகப் பேசிவிட்டோமே என்று மாட்டிடம் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது.

அவர் முடிக்காத அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களிடம் பேச வேண்டும் என்று தோன்றியது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? எட்டு லிட்டர் கறந்த மாடு மூன்று லிட்டரில் நிற்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் நட்டம். ஆவின் பசும்பாலுக்குக் கொடுக்கும் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாய். 2023 டிசம்பரிலிருந்து ஊக்கத்தொகை 3 ரூபாய் தனி. நாம் 35 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 175 ரூபாய் போயிற்று. மாடு வற்ற இன்னும் ஏழு மாதம் இருந்தது, அதாவது 210 நாள். பெருக்கிப் பாருங்கள்: 36,750 ரூபாய்.

செத்த மாட்டுக்கு 37,500. சாகாத மாட்டால் வந்த நட்டம் 36,750. நாளாக நாளாகக் கறவை தானாகவே இறங்கும், அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். டாக்டர் செலவு, மருந்துச் செலவு, கொட்டிய பால் எல்லாவற்றையும் கூட்டுங்கள். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். வித்தியாசம் ஒன்றுதான். அந்த வீட்டுக்குப் பணம் வந்தது, இந்த வீட்டுக்கு ஒரு பைசா வரவில்லை. செத்த மாடு தீவனம் தின்னாது. இது தின்கிறது. எட்டு லிட்டருக்குத் தின்றதில் பாதியைக் குறைத்துக்கொள் என்று மாட்டிடம் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் உண்டு. மடிநோய் வந்த மாட்டுப் பாலில் அளவு மட்டும் குறையாது, எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இறங்கும். பால் சொசைட்டியில் விலை போடுவது ஃபேட்டையும் எஸ்.என்.எஃப்பையும் பார்த்துத்தான். ஆக, குறைந்த பாலுக்குக் குறைந்த விலை. வெளியே வீக்கமே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே இருக்கும் மடிநோயும் உண்டு. அந்த வீட்டில் மாடு நன்றாகத்தான் நிற்கும். “சொசைட்டிக்காரன் மெஷின்ல ஏதோ பண்றான்” என்று சண்டை நடக்கும். மெஷினில் கோளாறே கிடையாது என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் சண்டைக்குப் போவதற்கு முன் மடியை ஒரு தடவை சோதித்துப் பார்ப்பது நல்லது.

பால் பணம் என்பது சம்பளம் மாதிரி இல்லை. பெரும்பாலான வீடுகளில் அது பெண்கள் கையில் வந்து விழுகிற ஒரே பணம். நெல் பணமும் கரும்புப் பணமும் வருஷத்துக்கு ஒரு தடவை வரும், வரும்போதே யாருக்காவது கொடுக்க வேண்டியதாக வரும். மளிகை, ஸ்கூல் வேன், மாத்திரை, மகளிர் குழுத் தவணை எல்லாம் பால் பணத்தில் நடக்கிறது. மாடு வாங்கியதே குழுக் கடனில்தான் இருக்கும். மடி பாதி செத்தால் தவணையும் பாதியாகுமா?

அன்றைக்கு வேப்பமரத்தடியில் இருந்தபோது எனக்கு அந்த இன்னொரு பிரம்மதேசமும் நினைவுக்கு வந்தது. அதாவது, சோழர் காலம். அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு வழக்கு திரும்பத் திரும்ப வரும். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய ஒருவர் 96 ஆடு தானம் கொடுப்பார். அந்த ஆடுகளை ஓர் இடையர் பொறுப்பில் விடுவார்கள். தினமும் ஓர் உழக்கு நெய் அவர் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகவும் சாகாது, கிழடும் தட்டாது.

எந்த ஊரில் ஆடு சாகாமல் இருந்தது? குட்டிகளை வைத்து எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டியது இடையர் பாடு. நோய் வந்தாலும் அவர் பாடு. விளக்கு மட்டும் அணையக் கூடாது. படிக்க அழகான பெயர்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், நட்டம் முழுவதையும் மேய்ப்பவர் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்துவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. ஆயிரம் வருஷத்தில் நாம் ஒரு படி ஏறியிருக்கிறோம். மாடு சாகும் என்று இப்போது அரசுக் கணக்கு ஒப்புக்கொள்கிறது. மாடு உயிரோடு இருந்தும் நட்டம் வரும் என்பதைத்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நோய்களிலும் கொல்வது, கொல்லாதது என்று இரண்டு உண்டு. பாக்டீரியாவால் வரும் மாட்டு நோய்களில் சில மின்னல் மாதிரி அடிக்கும். தொண்டை அடைப்பான் ஒன்று. சாயங்காலம் தீவனம் எடுக்காது, தொண்டை வீங்கும், மூச்சு கர்புர்ரென்று இழுக்கும், பொழுது விடிவதற்குள் போய்விடும். மழைக்காலத் தொடக்கத்தில் வரும். சப்பை நோய் இன்னொன்று. இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. நம்ம ராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இந்த மருந்துகளைத் தயாரிக்கிற இடம். மழைக்கு முன் வருஷா வருஷம் போட்டுக்கொண்டால் பயமில்லை. (வெள்ளத்துக்கு இரண்டு வாரம் கழித்துத் தொண்டை அடைப்பானில் ஒரு மாடு செத்தால், அது வெள்ளத்தில் செத்ததாக யார் எழுதிக் கொடுப்பார்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. இப்போதைக்கு விட்டுவிடுவோம்.)

நான் சொல்ல வந்தது கொல்லாத நோய்களைப் பற்றி. மடிநோய் ஒன்று. அதைவிட மௌனமானது கன்று வீச்சு நோய். புருசெல்லோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

சினை நிற்கும். ஆறு மாதம், ஏழு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போகும். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கன்று கீழே கிடக்கும், முழுதாக உருவாகாமல். நஞ்சுக்கொடி விழாமல் தொங்கும். மாட்டுக்கு வேறு ஒன்றும் ஆகாது. தீவனம் எடுக்கும், அசை போடும். “கண்ணு பட்டுடுச்சு”, “வழுக்கி விழுந்திருக்கும்”, “சூட்டு உடம்பு” என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாக் கன்று வீச்சுக்கும் இந்தக் கிருமிதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதுவாக இருக்குமோ என்று கேட்பவர்கள் அபூர்வம்.

இதற்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னும் இரண்டு மாதத்தில் கன்று போட்டுப் பால் கொடுக்க வேண்டிய மாடு. இப்போது இரண்டு மூன்று மாதம் காத்திருந்து மறுபடி சினை ஊசி போட்டு, அது நின்று, ஒன்பது மாதம் சுமந்து… கிட்டத்தட்ட ஒரு வருஷம். பத்து மாதப் பால் போயிற்று. சராசரி ஏழு லிட்டர் என்றால் 2,100 லிட்டர், 73,500 ரூபாய்க்கான பால். இந்தப் பத்து மாதமும் மாடு வைக்கோல் தின்னும், தண்ணீர் குடிக்கும், புண்ணாக்கு கேட்கும். போன கன்று கிடேரியாக இருந்திருந்தால் இரண்டரை, மூன்று வருஷத்தில் வீட்டுக்கு இன்னொரு கறவை மாடு. அதுவும் போயிற்று.

ஒரே மாடு வைத்திருக்கும் வீடு இதைத் தாங்குமா? ஐம்பது மாடு உள்ள பண்ணையில் ஒரு மாடு கன்று வீசினால் அது ஒரு பதிவேட்டு வரி. ஒரு மாட்டு வீட்டில் அது ஒரு வருஷம்.

நாடு முழுக்கக் கூட்டினால் எவ்வளவு வரும்? 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் இந்த ஒரு நோயால் கால்நடைகளில் ஏற்படும் இழப்பைச் சுமார் 340 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. ரூபாய் இல்லை, டாலர். அதில் பெரும்பகுதி பசு, எருமைகளில்தான். தமிழ்நாட்டில் மட்டும் 2019 கணக்கெடுப்புப்படி மாடுகள் சுமார் 95 லட்சம். அவற்றில் எத்தனை ஒற்றை மாட்டு வீடுகளில் நிற்கின்றன என்பதை உங்கள் தெருவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். மனம்விட்டுப் பேசிவிடுவோம்.

கன்று வீசிய மாட்டை என்ன செய்கிறோம்? சந்தைக்கு ஓட்டுகிறோம். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து, தரகர் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துண்டுக்குள் விலை மட்டும்தான் பேசப்படும். ‘போன ஈத்துல கன்னு வீசிடுச்சு’ என்பது எந்த விரலிலும் இல்லை. வாங்குகிறவர் யார்? பெரிய பண்ணைக்காரரா? குழுக் கடன் எடுத்துவந்த இன்னொரு பெண்மணிதான். மலிவாகக் கிடைத்ததே என்று ஓட்டிக்கொண்டு போவார். அந்த மாடு கன்று போடும்போதோ வீசும்போதோ வெளியேறும் நீரிலும் கொடியிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். அதே கொட்டகையில் நிற்கும் மற்ற மாடுகளுக்கும் பரவும். நம் நட்டம் இன்னொரு வீட்டு நட்டமாக மாறி, அங்கிருந்து மறுபடி சந்தைக்கு வரும்.

தப்புதான். ஆனால் விற்றவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது நானாக இருந்தாலும் வேறென்ன செய்திருப்பேன்? 2009-இல் வந்த கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், பட்டியலிலுள்ள நோய் இருக்கிறது என்று சந்தேகம் வந்தாலே உரிமையாளர் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும், மாட்டைத் தனியே கட்ட வேண்டும் என்கிறது. இந்த நோயும் அந்தப் பட்டியலில் உண்டு. சரி, தெரிவித்தாகிவிட்டது. பிறகு? மாட்டை விற்கவும் கூடாது, கறக்கவும் வழியில்லை, வீட்டில் வைத்துச் சோறு போட வேண்டும். அந்தச் செலவை யார் கொடுப்பது? உண்மையைச் சொன்னால் நட்டம், மறைத்தால் கொஞ்சம் காசு என்று இருந்தால் ஊர் எதைச் செய்யும்?

அமெரிக்கர்கள் இதே நோயை ஒழிக்கக் கிளம்பியது 1934-இல். வறட்சியும் பொருளாதார மந்தமும் விவசாயிகளைப் பிழிந்துகொண்டிருந்த சமயம். நோய் கண்ட மாட்டை மந்தையிலிருந்து எடுத்தால் உரிமையாளருக்கு ஈட்டுத்தொகை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். காசு கொடுத்ததால் மாடு வெளியே வந்தது. அப்படியும் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆஸ்திரேலியா 1989-இல் மாடுகளில் இந்த நோய் இல்லை என்று அறிவித்தது. நம் ஊரில் அதை அப்படியே செய்ய முடியாது. மாட்டைக் கொல்வது என்று பேச்செடுத்தாலே அது வேறு சண்டையாகிவிடும். அதனால்தான் நமக்குத் தடுப்பூசி மற்ற எல்லோரையும்விட முக்கியம்.

அந்தத் தடுப்பூசியின் கதை சுவாரஸ்யமானது. 1923-இல் ஜான் பக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அது பரிசோதனைக்கூடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் சாதாரண வெப்பத்திலேயே இருந்துவிட்டது. எடுத்துச் சோதித்தால் கிருமி வீரியம் இழந்திருந்தது. ஆனால் நோய் எதிர்ப்பு சக்தியை உண்டாக்கும் குணம் மட்டும் போகவில்லை. அதுதான் ‘ஸ்ட்ரெயின் 19’. நூறு வருஷம் கழித்து இன்றும் கிடேரிக் கன்றுகளுக்குப் போடுவது அதைத்தான்.

2019 செப்டம்பர் 11 அன்று மதுராவில் பிரதமர் தொடங்கிவைத்த தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் இரண்டு நோய்கள் குறிவைக்கப்பட்டன: கோமாரி, கன்று வீச்சு. ஐந்து வருஷத்துக்கு 13,343 கோடி ரூபாய். ஆண்டுக்கு 3.6 கோடிக் கிடேரிக் கன்றுகளுக்கு ஊசி. 2030-க்குள் ஒழிப்பது இலக்கு. கோமாரி ஊசி ஊருக்கே தெரியும். கேம்ப் போட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். கன்று வீச்சு ஊசியைப் பற்றிப் பத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். “அப்படி ஒண்ணு இருக்கா?” என்பார்கள்.

காரணம், அதற்கு ஒரு குறுகிய கதவு. நான்கு மாதம் முடிந்து எட்டு மாதத்துக்குள் இருக்கும் கிடேரிக் கன்றுக்கு மட்டும்தான் போடுவார்கள். வாழ்நாளில் ஒரே ஊசி. காளைக்கன்றுக்குக் கிடையாது, சினை மாட்டுக்குக் கூடாது. கேம்ப் நடந்த அன்றைக்குக் கன்றுக்கு மூன்று மாதம் என்றால் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த தடவை அவர்கள் வருவதற்குள் பத்து மாதம் ஆகிவிட்டால் கதவு மூடிவிட்டது. “ஊசி போட்டா பால் குறைஞ்சிடும்” என்று ஒரு பேச்சு உண்டு. கறக்கவே ஆரம்பிக்காத கன்றில் பால் எப்படிக் குறையும்? இது உயிருள்ள கிருமியால் ஆன மருந்து, மனிதருக்கு ஒட்டிக்கொள்ளக்கூடியது. அதனால் மெடிக்கலில் வாங்கி நாமே குத்திவிடலாம் என்ற வேலை மட்டும் வேண்டாம். டாக்டர்தான் போட வேண்டும்.

மனிதருக்கும் வருமா? வரும். 1887-இல் மால்டா தீவில் காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் உடம்பிலிருந்து டேவிட் புரூஸ் இந்த இனத்துக் கிருமியை முதலில் கண்டுபிடித்தார். ‘புருசெல்லா’ என்பது அவர் பெயரால் வந்தது. காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்பது தெரிய இன்னும் பதினெட்டு வருஷம் ஆனது. காய்ச்சாத ஆட்டுப்பால்! பாலை நிறுத்தியதும் சிப்பாய்களின் காய்ச்சலும் அடங்கியது.

நம் வீடுகளில் பாலைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம், அது நம் பாட்டிகள் செய்த புண்ணியம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தொங்கும் நஞ்சுக்கொடியை வெறும் கையால் இழுப்பது யார்? செத்த கன்றைத் தூக்கிப் புதைப்பது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான், கையில் ஒரு கவர்கூட மாட்டாமல். பிறகு சில வாரங்களில் காய்ச்சல் வரும், போகும், வரும். ராத்திரியில் வேர்த்துக் கொட்டும். இடுப்பும் முட்டியும் வலிக்கும். டைஃபாய்டு என்பார்கள், வாதம் என்பார்கள், வயசு என்பார்கள். ஆஸ்பத்திரியில் “வீட்ல மாடு இருக்கா?” என்று கேட்கும் டாக்டர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: “டாக்டர், எங்க வீட்டு மாடு கன்னு வீசிடுச்சு, நான்தான் கொடியை எடுத்தேன்.” இந்த ஒரு வாக்கியம் மாதக்கணக்கான அலைச்சலை மிச்சப்படுத்தும். வாரக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் நோய்தான் இது.

மடிநோய்க்கு வருகிறேன். இங்கே நம் கையில் இருப்பது நிறைய. கறப்பதற்கு முன் முதல் இரண்டு பீய்ச்சலை ஒரு கருப்புத் துணி மேல் விட்டுப் பாருங்கள். சின்னத் திரி தெரிந்தாலும் அது முதல் மணி. கறந்து முடித்ததும் காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாகும். அதற்குள் மாடு சாணியிலும் சேற்றிலும் படுத்தால் கிருமிக்கு வாசல் திறந்தே இருக்கிறது. அதனால் தீவனத்தைக் கறந்த பிறகு வையுங்கள், தின்று முடிக்கும் வரை நின்றுகொண்டிருக்கும். செலவு ஒரு ரூபாய் இல்லை.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ந. புண்ணியமூர்த்தி பரவலாக்கிய மூலிகைப் பூச்சு பல ஊர்களில் புழக்கத்தில் இருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்துத் தண்ணீர் விட்டு, கழுவிய மடியில் ஒரு நாளைக்குப் பல தடவை பூச வேண்டும். தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் நல்ல பலன் என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறீர்கள். மாடு காய்ச்சலோடு படுத்துவிட்டால் மட்டும் கற்றாழையைத் தேடிக்கொண்டிருக்காமல் 1962-க்கு போன் போடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது, கட்டணம் கிடையாது.

ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொல்லும் நாள்வரை சொசைட்டி கேனில் ஊற்றக் கூடாது. இதை எழுதுவது சுலபம் என்று எனக்குத் தெரியும். மருந்துக்குச் செலவழித்த அதே வாரத்தில் பாலையும் கீழே கொட்டு என்றால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தக் கேனிலிருந்து போகும் பாலைக் குடிப்பது ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை. பிரம்மதேசத்துப் பெண்மணி ஊசி போட்ட நாட்களிலும் அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன நாட்களிலும் பாலைத் தென்னைமரத்தடியில் ஊற்றியிருக்கிறார். “மரம் நல்லா வளந்துச்சு” என்று சிரித்தார்.

இந்த வீடுகளுக்கு அரசு என்ன செய்யலாம்? என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். வெள்ள நிவாரணக் கணக்கெடுப்புக்கு வரும்போது ‘இறந்த மாடு’ என்ற ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் ‘மடி இழந்த மாடு’ என்று இன்னொரு கட்டம் வேண்டும். கால்நடை டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும். கன்று வீச்சு உறுதியான மாட்டை விற்காமல் தனியே கட்டி வைப்பவருக்கு, தீவனச் செலவையாவது கொடுக்க வேண்டும். அது தானம் இல்லை. அந்த மாடு சந்தைக்குப் போகாததால் ஊர் மிச்சம் பிடிக்கும் காசில் ஒரு பங்குதான்.

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, போடவும் வேண்டும். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை, பிரீமியத்தில் உரிமையாளர் பங்கை 15 சதவீதமாகக் குறைத்தது. மீதியை அரசு கட்டும். நல்ல விஷயம். ஆனால் பாலிசி எடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “மாடு செத்தா குடுக்கிறீங்க, சரி. மடி செத்தா?” வழக்கமான பாலிசி மரணத்துக்குத்தான் பணம் தரும். நிரந்தர ஊனத்துக்குத் தனியாகச் சேர்க்க முடியுமா, சேர்த்தால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்மணி மாட்டை விற்கவில்லை. தரகர் 18,000 கேட்டாராம். 45,000-க்கு வாங்கிய மாடு. “ரெண்டு காம்புலயாவது கறக்குது, விட்டுடு சாமின்னு அனுப்பிட்டேன்” என்றார். கொட்டகை ஓரத்தில் புயலுக்கு முந்தின மாதம் பிறந்த கன்று கட்டியிருந்தது. கிடேரி. வயது கேட்டேன். விரல்விட்டு எண்ணி, “ஆறு முடிஞ்சு ஏழு நடக்குது” என்றார். ஊசியைப் பற்றிச் சொன்னேன். கேள்விப்பட்டதில்லை என்றார். அங்கிருந்தே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு போன் செய்தோம். அந்த வாரமே வரச்சொன்னார்கள்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு கிடேரி நிற்கிறதா? எத்தனை மாதம்? நான்கு முடிந்து எட்டைத் தொடாமல் இருந்தால் இந்த வாரமே கால்நடை மருந்தகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். வரும் அக்டோபர் 2 கிராம சபையில், நம் ஊரில் எத்தனை கிடேரிக் கன்றுக்கு இந்த ஊசி போட்டிருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்